ஏர்பேட்டிலிருந்து கடலுக்கு: கொடியைப் பார்த்துக் குளிக்கலாமா?

2022 ஏப்ரல் 4 அன்று ஆந்திரத்தில் மாவட்டங்களைப் பிரித்தபோது ஏர்பேட்டுக்காரர்களுக்குக் கடல் கிடைத்தது. அதுவரை அவர்கள் இருந்த சித்தூர் மாவட்டத்துக்குக் கரையே கிடையாது. புதிதாக உருவான திருப்பதி மாவட்டத்தில் நெல்லூர்ப் பக்கத்து சூலூர்ப்பேட்டை, நாயுடுபேட்டை, வாகாடு பகுதிகளும் சேர்ந்தன. பழவேற்காடு ஏரியும் ஸ்ரீஹரிகோட்டாவும் வங்காள விரிகுடாவும் ஒரே நாளில் சொந்த மாவட்டத்துச் சங்கதிகள் ஆகிவிட்டன.

ரேணிகுண்டாவுக்கும் காளத்திக்கும் இடையில் இருக்கும் ஏர்பேட்டில் இப்போது ஐஐடியும் ஐசர் என்ற அறிவியல் கல்வி நிறுவனமும் இருக்கின்றன. இரண்டும் 2015-ல் தொடங்கியவை. சனி, ஞாயிறு வந்தால் மாணவர் கூட்டம் கிளம்புகிற இடங்களில் கடலும் ஒன்று. குடும்பங்களும் அப்படித்தான்: பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, வெயில் கொளுத்துகிறது, ஒரு வண்டியைப் பிடித்தால் போயிற்று.

எந்தக் கடலுக்கு என்பதில்தான் சிக்கல். நாயுடுபேட்டை, வாகாடு வழியாகத் தூபிலிபாலெம் போனால் 100 கிலோமீட்டருக்குள் கடல் வந்துவிடும். நீண்ட மணல், கூட்டமும் அவ்வளவாக இல்லை. ஆனால் அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது, எந்த இடத்தில் இறங்கலாம் என்று சொல்லும் நீலக்கொடிச் சான்று அங்கே இல்லை. சான்று பெற்ற கரைதான் வேண்டும் என்றால் புத்தூர், திருவள்ளூர் வந்து, வெளிவட்டச் சாலையைப் பிடித்து, வண்டலூர், கேளம்பாக்கம் தாண்டிக் கோவளம் போக வேண்டும். ஏறத்தாழ 170 கிலோமீட்டர். புதுச்சேரியின் சின்ன வீராம்பட்டினத்தில் உள்ள ஈடன் கடற்கரை இன்னும் தள்ளி. ஆந்திரத்தில் முதலில் இந்தச் சான்றைப் பெற்ற ருஷிகொண்டா விசாகப்பட்டினத்தில் இருக்கிறது; அங்கே போவதற்கு ரயிலில் ஓர் இரவு கழிக்க வேண்டும்.

அவ்வளவு தூரம் போகும் அளவுக்கு அந்தக் கொடியில் என்ன இருக்கிறது?

1985-ல் பிரான்சில் தொடங்கிய திட்டம் இது. 1987-ல் ஐரோப்பா முழுக்கப் பரவியது. 2001-ல் தென்னாப்பிரிக்கா வழியாக ஐரோப்பாவைத் தாண்டியது. டென்மார்க்கின் கோபன்ஹேகனைத் தலைமையிடமாகக் கொண்ட சுற்றுச்சூழல் கல்வி அறக்கட்டளை இதை நடத்துகிறது. நிபந்தனைகள் 33. இந்தியாவில் 2020 அக்டோபரில் எட்டுக் கரைகளுக்குச் சேர்த்து ஒரே அறிவிப்பில் கிடைத்தது: சிவராஜ்பூர், கோக்லா, காசர்கோடு, படுபித்ரி, காப்பாடு, ருஷிகொண்டா, பூரி, ராதாநகர். இதில் வரும் காசர்கோடு கேரளத்து ஊர் அல்ல, கர்நாடகத்தின் ஹொன்னாவர் அருகே இருப்பது. 2021 செப்டம்பரில் கோவளமும் ஈடனும் சேர்ந்தன. நம் கோவளத்தையும் கேரளத்துக் கோவளத்தையும் குழப்பிக்கொண்டு ரயில் டிக்கெட் எடுப்பவர்கள் உண்டு, கவனம்.

33 நிபந்தனைகளில் குப்பைத் தொட்டி, கழிப்பறை, மாற்றுத்திறனாளிகளுக்கான பாதை, உயிர்காப்பாளர், முதலுதவி எல்லாம் அடக்கம். அவை கண்ணுக்குத் தெரிபவை. போனதும் நீங்களே மதிப்பெண் போட்டுவிடலாம். கண்ணுக்குத் தெரியாதது தண்ணீர். அங்கேதான் அறிவியல் வேலை செய்கிறது.

கடலில் நோய் தரும் கிருமிகள் ஏராளம். ஒவ்வொன்றையும் தேடிக்கொண்டிருந்தால் காலமும் காசும் போதாது. அதனால் மலம் கலந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். மனிதர், கால்நடைகளின் குடலில் வாழும் இரண்டு பாக்டீரியாக்கள்தான் சாட்சிகள்: இ-கோலை, என்டெரோகாக்கை. நீலக்கொடிக் கரையில் 100 மில்லிலிட்டர் கடல்நீரில் இ-கோலை 250-ஐயும் என்டெரோகாக்கை 100-ஐயும் தாண்டக் கூடாது. ஏதோ ஒரு நல்ல நாளில் எடுத்த மாதிரியைக் காட்டித் தப்பிக்கவும் முடியாது. எடுத்த மாதிரிகளில் 95 விழுக்காடு இந்த வரம்புக்குள் அடங்கும்படி கணக்கு வர வேண்டும். ஒரு பருவத்தில் குறைந்தது ஐந்து மாதிரிகள்; இரண்டு மாதிரிகளுக்கு நடுவே 31 நாளுக்கு மேல் இடைவெளி விடக் கூடாது.

இந்த எண்களுக்குப் பின்னால் ஒரு துணிச்சலான ஆய்வு இருக்கிறது. 1989 முதல் 1992 வரை பிரிட்டனின் நான்கு கடற்கரைகளில் தன்னார்வலர்களைக் குலுக்கல் முறையில் இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டம் கடலில் இறங்கித் தலையை முக்கி எழ வேண்டும். மற்றவர்கள் கரையிலேயே உட்கார வேண்டும். குளித்தவர்கள் நின்ற இடத்திலேயே, மார்பளவு ஆழத்தில், தண்ணீர் மாதிரி எடுக்கப்பட்டது. பிறகு யாருக்கு வாந்தி, யாருக்கு வயிற்றுப்போக்கு என்று பின்தொடர்ந்து கணக்கெடுத்தார்கள். என்டெரோகாக்கையை உள்ளடக்கிய மலக் கோளக்கிருமிகளின் எண்ணிக்கை ஏற ஏற வயிற்றுக்கோளாறும் ஏறியது. இ-கோலையின் எண்ணிக்கையை வைத்து அப்படிக் கணிக்க முடியவில்லை. காரணம் ஊகிக்கக்கூடியதுதான்: உப்பிலும் வெயிலிலும் இ-கோலை சீக்கிரம் செத்துவிடும், என்டெரோகாக்கை தாக்குப்பிடிக்கும். கடலுக்கு உகந்த சாட்சி அதுவே.

நம் நாட்டுக்கும் தனி அளவுகோல் உண்டு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடல்நீரைப் பயன்பாட்டின்படி ஐந்து வகையாகப் பிரித்திருக்கிறது. குளியலுக்கான இரண்டாம் வகையில் 100 மில்லிலிட்டருக்கு 100 மலக்கோலிஃபார்ம் என்பது வரம்பு. சட்டப் புத்தகத்தில் எண் கறாராகத்தான் இருக்கிறது. அளந்து, அளந்த தேதியோடு கரையில் எழுதி ஒட்டுவதுதான் நமக்கு வராத பழக்கம். என்னைக் கேட்டால் நீலக்கொடியின் பெரிய வரவு மூங்கில் குடையோ ஒளிவிளக்கோ அல்ல, அந்த அறிவிப்புப் பலகைதான்.

பலகையிலும் ஒரு பொடி எழுத்து ஒளிந்திருக்கிறது. பாக்டீரியாவை ஆய்வகத்தில் வளர்த்து எண்ண 24 மணி நேரமாவது வேண்டும். என்டெரோகாக்கைக்கு இரண்டு நாள்கூட ஆகும். ஆக, பலகையில் உள்ள எண் எப்போதும் பழைய எண்ணே. ஒரு மாதம் பழையதாகவும் இருக்கலாம். நடுவில் ஒரு பெருமழை பெய்திருந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

கோவளத்தில் இதை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். கடற்கரைக்கு வடக்கே முட்டுக்காடு முகத்துவாரம். பள்ளிக்கரணைச் சதுப்பில் வடியும் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, கடைசியில் அங்கேதான் கடலைச் சேர்கிறது. தென்சென்னையில் கொட்டும் மழை, வீதிகளைக் கழுவிக்கொண்டு கோவளத்துக்குப் பக்கத்தில் வெளியேறுகிறது என்று பொருள். கனமழைக்குப் பிறகு இரண்டு நாளாவது குளியலைத் தள்ளிப்போடுங்கள். கொடி பறந்தாலும் தள்ளிப்போடுங்கள்.

ஏர்பேட்டுக்காரர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. பொன்முகலி என்று நம்மவர்கள் சொல்லும் சுவர்ணமுகி, திருப்பதிப் பக்கம் வந்து, காளத்திக் கோயிலை உரசிக்கொண்டு, நாயுடுபேட்டை தாண்டிக் கடலுக்குப் போகிறது. ஆண்டில் பெரும்பகுதி மணல்தான். மழை வந்தால் மேலே சேர்ந்ததெல்லாம் கீழே போகும். நம் மாவட்டத்துக் கரையின் தூய்மை ஓரளவு திருப்பதியின் சாக்கடைகளில் முடிவாகிறது.

இதுவரை சொன்னது வயிற்றுப்போக்கைப் பற்றி. உயிரைப் பற்றி நீலக்கொடி எவ்வளவு சொல்கிறது? உயிர்காப்பாளர் இருக்க வேண்டும், குளிக்கும் பகுதி பிரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதோடு சரி. ‘இன்றைக்குக் கடல் சாது’ என்று அந்தக் கொடி சொல்வதே இல்லை. பலரும் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான். அன்றைய கடலைச் சொல்ல வேறு கொடிகள் உண்டு. மேலே சிவப்பும் கீழே மஞ்சளுமாக இரண்டு கொடிகள் நட்டிருந்தால் அவற்றுக்கு நடுவே உயிர்காப்பாளர் பார்வை இருக்கிறது. மஞ்சள் மட்டும் என்றால் எச்சரிக்கை. சிவப்பு என்றால் இறங்காதே. ஊதா என்றால் சொறிமீன் போன்ற தொல்லை தரும் உயிரினங்கள் வந்திருக்கின்றன.

நம் கரைகளில் ஆளை விழுங்குவது பெரும்பாலும் இழுப்பு நீரோட்டம். அலைகள் விடாமல் தண்ணீரைக் கரைக்குத் தள்ளுகின்றன. தள்ளிய தண்ணீர் திரும்பியாக வேண்டும். கரைக்கு இணையாக மணல் திட்டு இருந்தால், திட்டில் எங்கே இடைவெளியோ அங்கே மொத்தத் தண்ணீரும் திரண்டு, குறுகிய பாதையில் கடலுக்குள் பாய்கிறது. வேகம் சில நேரம் வினாடிக்கு 2 மீட்டரை எட்டும். உலகின் மிக வேகமான நீச்சல் வீரர் 50 மீட்டரைக் கடப்பது வினாடிக்கு ஏறத்தாழ 2.4 மீட்டர் வேகத்தில்; அதையும் அவர் அரை நிமிடம்கூடத் தொடர்வதில்லை. எதிர்த்து நீந்தி ஜெயிக்க முடியாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

இதில் கொடுமை என்னவென்றால் இழுப்பு இருக்கும் இடம்தான் பார்க்க அமைதியாக இருக்கும். இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரைக்க, நடுவில் நுரையில்லாத கருத்த பட்டை. ‘இங்கே அலையே இல்லை’ என்று பிள்ளைகளை இறக்குவதும் அங்கேதான். இறங்குவதற்கு முன் பத்து நிமிடம் மேட்டில் நின்று அலை எங்கே உடைகிறது, எங்கே உடையவில்லை என்று பாருங்கள். சிக்கிக்கொண்டால் கரையை நோக்கிப் போராடாமல் மிதக்க வேண்டும், கையைத் தூக்க வேண்டும், முடிந்தால் கரைக்கு இணையாக நகர வேண்டும். இழுப்பு ஆளைக் கீழே அழுத்துவதில்லை, வெளியேதான் கொண்டுபோகிறது. அலை உடையும் வரியைத் தாண்டியதும் தளர்ந்துவிடும். இறந்தவர்கள் பெரும்பாலும் களைத்து இறந்தவர்கள்.

இந்த அறிவுரையெல்லாம் நீந்தத் தெரிந்தவர்களை வைத்து எழுதப்பட்டது. நம்மவர்கள் கடலுக்குப் போவது நீந்த அல்ல, கால் நனைக்க. புடவை, சுடிதார், ஜீன்ஸ் என்று உடுத்தியது உடுத்தியபடி முழங்காலளவில் தொடங்கி, ஓர் அலைக்குப் பயந்து, அடுத்த அலைக்குச் சிரித்து, இடுப்பளவுக்குப் போய்விடுவோம். திரும்பும் அலை காலடி மணலை அரித்து எடுக்கும். நனைந்த துணி தண்ணீரில் இழுவையைக் கூட்டும். விழுந்தவர் எழுவதற்குள் அடுத்த அலை வந்துவிடும். மேல்நாட்டு விதிப்பலகைகளில் இந்தப் பழக்கத்துக்கு இடமில்லை. நாமேதான் ஒரு விதி வைத்துக்கொள்ள வேண்டும்: நீந்தத் தெரியாதவர் முழங்காலுக்கு மேல் போவதில்லை.

தொலைவில் எழும் அலையும் உண்டு. இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் வீசும் புயற்காற்று எழுப்பும் நீள அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடி, இங்கே காற்றே இல்லாத நாளில் கரையேறும். கேரளத்தில் கள்ளக்கடல் என்பார்கள். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரத்தில் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது அப்படிப்பட்ட எச்சரிக்கை நாள்களில்தான். எச்சரிக்கையை வெளியிடுவது ஐதராபாத்தில் உள்ள இன்கோயிஸ் என்ற கடல்சார் தகவல் மையம். அலையின் உயரம், காற்று, நீரோட்டம் எல்லாம் அதன் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். கிளம்புவதற்கு முந்தின இரவு அதைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். கடற்கரையில் எங்கே சாப்பிடலாம் என்று தேடும் நேரத்தைவிடக் குறைவு.

மாதம் எது? ஜனவரி முதல் மார்ச் வரை இந்தக் கரை ஒப்பீட்டளவில் சாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அலையும் கெடும், தண்ணீரும் கெடும். கோவளம் அலைச்சறுக்குக்குப் பெயர்போன ஊர் என்பதையும் மறக்க வேண்டாம். சறுக்குக்காரர்கள் மெச்சும் அலை, பாட்டியும் பேத்தியும் கைகோத்து நிற்கும் அலை அல்ல. கோடையில் நடுப்பகலுக்கு மேல் கடற்காற்று ஏறிக் கடல் கலங்கும். ஏர்பேட்டிலிருந்து விடியலில் கிளம்பினாலும் போய்ச் சேர ஒன்பது, பத்து மணி ஆகிவிடும். முந்தின நாளே போய்த் தங்கி, காலையில் இறங்குவது மேல்.

கொடி நிரந்தரமல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு பருவத்துக்கும் புதிதாக வாங்க வேண்டும். நடுவில் தவறினால் இறக்கப்படும். 2025-ன் தொடக்கத்தில் ருஷிகொண்டாவில் அதுதான் நடந்தது. பராமரிப்புக் குறை, தெருநாய்கள் என்று புகார் போய், கொடி இறங்கியது. சரிசெய்த பிறகு மீண்டும் ஏறியது. இதைப் பலர் அவமானம் என்றார்கள். இறக்கத் தெரிந்த கொடிக்குத்தான் மதிப்பு என்பது என் எண்ணம்.

தூபிலிபாலெத்துக்கு நாளையே நீலக்கொடி வராது. 33 நிபந்தனைகளுக்கு நிறையப் பணம் வேண்டும். ஆனால் அதில் முக்கியமான இரண்டுக்குப் பெரிய பணம் தேவையில்லை: விடுமுறை நாள்களில் இரண்டு உயிர்காப்பாளர்கள், மாதம் ஒரு முறை தண்ணீர்ச் சோதனை. இரண்டாவதற்கு வேண்டிய ஆய்வகமும் ஆளும் ஏர்பேடு மண்டலத்திலேயே இருக்கின்றன. ஐசரின் உயிரியல் மாணவர்களும் ஐஐடியின் பொறியியல் மாணவர்களும் மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து, எடுத்த தேதியுடன் அந்த எண்ணை ஒரு தகரப் பலகையில் தெலுங்கிலும் தமிழிலும் எழுதிக் கரையில் நடட்டும். அது வரும்வரை அங்கே போகிறவர்கள் கால் மட்டும் நனைத்துவிட்டு வாருங்கள்.