வானம் தெளிந்தால் கம்பளியைத் தேடு

மார்கழியில் கூடலூர்ப் பக்கம் தேவர்சோலை சாலையில் மூடுபனி இறங்கி, எதிரே வரும் ஜீப்பின் விளக்குகூடக் கண்ணுக்குப் படாத இரவுகள் உண்டு. ஓட்டுநருக்குத்தான் அது தொல்லை. தேயிலைக்கு ஒன்றும் ஆகாது. தோட்டக்காரர் வயிற்றில் புளியைக் கரைப்பது வேறோர் இரவு. வானத்தில் மேகத் துணுக்கு இருக்காது, சவுக்கு மரத்தில் இலை அசையாது, நட்சத்திரங்கள் கழுவி வைத்தாற்போல இருக்கும். ‘வானம் பளிச்சுனு இருக்கு, விடியக்காலைல உறைபனி விழும்’ என்று அன்று சாயங்காலமே பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் குளிர்காலப் புயல் என்றால் முன்கூட்டியே எச்சரிக்கை வரும். கடைகளில் ரொட்டியும் பாலும் தீர்ந்துபோகும். நீலகிரியின் கடுங்குளிர் புயலாக வருவதில்லை. காற்று நின்றால்தான் அது வரும்.

பகலில் வெயில் வாங்கிய சூட்டை நிலம் இரவில் வானத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறது. மேகம் இருந்தால் அது கம்பளிபோல மூடிக்கொண்டு சூட்டில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும். மேகமும் இல்லை, மேலே உள்ள சூடான காற்றைக் கீழே கலக்கிவிட வாடைக்காற்றும் இல்லை என்றால் புல்லும் இலையும் தங்கள் சூட்டை இழந்துகொண்டே போகும். வானிலைக் கருவி ஆள் உயரத்தில் இருப்பது. அது மூன்று, நான்கு டிகிரி செல்சியஸ் காட்டும்போதே தரையை ஒட்டிய புல்நுனி பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும். ‘ரெண்டு டிகிரிதானே, எப்படி ஐஸ் கட்டியது?’ என்று ஊட்டிப் பக்கத்துத் தலைக்குந்தாவில் செல்ஃபி எடுக்கிறவர்கள் கேட்பதற்குப் பதில் இதுதான்.

குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் மாதிரியே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஊட்டியில் காந்தல், தலைக்குந்தா, குதிரைப் பந்தய மைதானம் என்று ஆண்டுதோறும் அதே இடங்கள் வெளுப்பது அதனால்தான். மேட்டில் இருக்கும் வீட்டுக்காரர் அன்று வெறும் நீர்ப்பனியோடு தப்பித்துவிடுவார்.

தேவர்சோலை ஊட்டி அல்ல. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். கூடலூர் வட்டாரம் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர். உயரத்தை வைத்துக் கணக்குப் பார்த்தால் எட்டு டிகிரி வித்தியாசம். ஊட்டிபோல வெள்ளை விரிப்பு இங்கே வழக்கமில்லை. ஆனால் தெளிந்த இரவில் இந்தக் கணக்கு சறுக்கும். குன்றுகளுக்கு நடுவே வயல் என்று நாம் சொல்லும் பள்ளத்து நிலங்களில், வாழையும் இஞ்சியும் நிற்கிற இடத்தில், மேட்டுத் தேயிலையைவிடக் குளிர் அதிகமாகத் தேங்கும். நாற்று போட இடம் பார்ப்பவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பள்ளத்தின் வாய்ப்பகுதியில் அடர்த்தியாக வேலி கட்டினால் குளிர்காற்று வெளியேற வழியில்லாமல் குளம்போல நின்றுவிடும். சரிவின் கீழ்ப்பக்க வேலியில் இடைவெளி விடுவது செலவில்லாத வேலை.

பனி பட்ட தேயிலையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் கதை புரியும். காலை ஆறு மணிக்குக் கொழுந்தின் ஓரத்தில் பொடி உப்பு தூவினாற்போல இருக்கும். வெயில் ஏறியதும் உப்பு கரைந்து, இலை வெந்நீரில் போட்டெடுத்த கீரைபோல மினுமினுப்பாகத் துவளும். இரண்டு நாளில் தேயிலைத்தூள் நிறத்துக்கு வந்துவிடும். இலைக்குள் நீர் உறைந்து செல்லின் சவ்வைச் சிதைத்த பிறகு வெயில் எதையும் மீட்பதில்லை. கருகிய செடியில் புதுத் துளிர் வர வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பச்சைக் கொழுந்தை எடைக்கு விற்றுக் குடும்பம் நடத்தும் சிறு விவசாயிக்கு அத்தனை வாரமும் வரவில்லை.

காப்பதற்கு ஊருக்குத் தெரிந்த வழிகள் உண்டு. இளஞ்செடிமேல் பெரணித் தழையைப் பரப்புவார்கள். தேயிலைக்கு நடுவே நிற்கும் சவுக்கு மரமே ஒரு கூரைதான். நிழல் மரத்தை ஒட்ட வெட்டிய தோட்டம் முதலில் கருகும். ஊட்டிப் பக்கம் கேரட், உருளைக்கிழங்குக்கு அதிகாலையில் ஸ்பிரிங்ளர் ஓட்டுகிறார்கள். தண்ணீர் உறையும்போது ஒரு கிராமுக்கு 80 கலோரி வெப்பத்தை வெளியே விடுகிறது. அந்தச் சூடுதான் இலையைக் காக்கிறது. பனி கரையும்வரை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். பாதியில் மோட்டாரை அணைத்தால் ஓட்டாமல் இருந்ததைவிட மோசம். சாயங்காலம் குப்பையைக் கொளுத்திப் புகை போடும் பழக்கத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை; புகை மேகத்தின் வேலையைச் செய்யாது, இருமல்தான் மிச்சம்.

செடியை விடுவோம். குளிரால் மனிதர் சாவதைவிடக் குளிருக்குச் செய்யும் வைத்தியத்தால் சாவதுதான் மலையில் எனக்குப் பயம். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயன் வீட்டில் சன்னலை அடைத்து, குமுட்டி அடுப்பில் கரியைப் போட்டு, கனல் அடங்குமுன் கதவைச் சாத்திப் படுப்பது சாதாரணமாக நடக்கிறது. புகை போய்விட்டதே என்ற தைரியம். கரி கனன்றுகொண்டிருக்கும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், கிறுகிறுப்பு. தூங்குகிறவருக்கு இந்த அறிகுறிகூடத் தெரியாது. 2024 ஆகஸ்டில் கொடைக்கானல் விடுதி அறை ஒன்றில், இறைச்சி சுட்ட கரியடுப்போடு படுத்த இரண்டு இளைஞர்கள் காலையில் எழவில்லை. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் குளிர்காலப் புயலில் மின்சாரம் போய் உறைந்தபோது அரசுக் கணக்கில் 246 பேர் இறந்தார்கள். அவர்களிலும் சிலரைக் கொன்றது இதே வாயுதான்.

அடுப்பில் குளிர் காய்ந்துவிட்டு, படுக்கும்முன் அதை வெளியே எடுத்து வைத்துவிட வேண்டும். சன்னலில் ஒரு விரல் இடைவெளி இருந்தால் போதும் என்று நினைத்து உள்ளேயே விடுவதும் ஆபத்துதான். கூடப் படுத்தவர்கள் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி என்றால் தைலம் தேய்க்காதீர்கள். முதலில் எல்லோரையும் வெளியே கொண்டுவாருங்கள், உடனே 108-ஐ அழையுங்கள்.

உடம்பின் உள்சூடு 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஆபத்து. அதற்கு ஐஸ் கட்ட வேண்டும் என்பதில்லை. இடுப்பில் படங்கு கட்டியும் நீர்ப்பனியில் நனைந்து, ஈரப் பாவாடையோடு மதியம்வரை கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கும், ஒற்றைப் போர்வையில் சுருண்டு கிடக்கும் வயசானவருக்கும் பத்து டிகிரியே போதும். வயசானவர் நடுக்கம் நின்று குழறிப் பேச ஆரம்பித்தால் குளிர் விட்டுப்போனது என்று எண்ணக் கூடாது. நிலைமை மோசமாகிறது என்று அர்த்தம். ஈரத்துணியை மாற்றுங்கள், தலையையும் சேர்த்து மூடுங்கள், நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் சூடாக டீ கொடுங்கள். சாராயம் சூடு தருவதுபோலக் காட்டி உடம்புச் சூட்டை வெளியே விட்டுவிடும்.

இந்தக் குளிர் தொழிலாளியின் சொந்தப் பிரச்சினை மட்டும் என்று சட்டம் கருதவில்லை. 1951-இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, மழைக்கும் குளிருக்கும் குடை, கம்பளி, மழைக்கோட்டு ஆகியவற்றை முதலாளி கொடுக்கும்படி மாநில அரசு விதி செய்யலாம் என்றது. துரைமார் காலத்துக் கணக்குப் புத்தகத்தில் கம்பளி ‘கம்ப்ளி’ என்றே ஆங்கிலத்தில் ஏறியிருந்தது. இன்று லயனில் கிடக்கும் போர்வைகளில் தோட்டம் கொடுத்தது எத்தனை, கடையில் வாங்கியது எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் பதில் கிடைக்கும்.

மறுபடி செடிக்கு வருவோம். கருகிய தேயிலையை மறுநாளே கவாத்து வெட்டக் கை துறுதுறுக்கும். பனிக்காலம் முடியும்வரை விடுங்கள்; காய்ந்த இலை அடியில் உள்ள உயிருள்ள கிளைக்குப் போர்வையாக இருக்கும், புதுத் துளிர் விட்டால் அடுத்த பனி அதையும் தின்றுவிடும். தோட்டத்துக்கு அப்பால் முதுமலைக் காட்டோரத்துப் புல்லும் இதே பனியில் காய்ந்து மாசியில் தீக்குத் தயாராக நிற்கும். வனத்துறையினர் தீத்தடுப்புக் கோடு வெட்ட ஆரம்பிப்பதும் இந்தக் குளிரோடுதான்.