ஒரே குகையில் இரண்டு மொழிகள்!

சரளமாக இங்கிலீஷ் பேசினால்தான் படித்தவர் என்று உங்களில் பலர் நினைக்கிறீர்கள், இல்லையா? வகுப்பில் ஒருவன் தப்பும் தவறுமாக ஆங்கிலம் பேசினால் மற்றவர்கள் சிரிக்கிறார்கள். அதற்குப் பயந்தே சிலர் வாயைத் திறப்பதில்லை.

படித்தவர்களுக்கென்று ஒரு மொழி இருப்பது புதிதல்ல. அதைப் பார்க்கத் தளவானூருக்குப் போவோமா?

விழுப்புரம் மாவட்டத்தில், செஞ்சிப் பகுதியில் உள்ள ஊர் இது. இங்குள்ள குன்றைக் குடைந்து பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு சிவன் கோயில் அமைத்தான். சத்ருமல்லன் என்பது அவனுடைய பட்டப்பெயர்களில் ஒன்று. அதனால் கோயிலின் பெயர் சத்ருமல்லேஸ்வரம்.

அந்தக் காலத்தில் அரண்மனையிலும் அறிஞர் சபையிலும் சமஸ்கிருதத்துக்குத்தான் மதிப்பு. மகேந்திரவர்மனே அந்த மொழியில் 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற நகைச்சுவை நாடகம் எழுதியவன். அதிலும் எல்லோரும் சமஸ்கிருதம் பேசுவதில்லை. சில பாத்திரங்கள் பேச்சு மொழியான பிராகிருதத்தில் பேசுவார்கள்!

தளவானூர்க் குகையிலும் ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டு உண்டு. கிரந்த எழுத்தில் இருக்கும் அது மன்னனின் வீரத்தைப் புகழ்ந்து, இக்கோயிலை எடுத்தவன் அவனே என்கிறது. அதே குகையில் தமிழ் வெண்பா ஒன்றும் இருக்கிறது. வெண்பேடு என்ற ஊருக்குத் தெற்கே இக்கோயில் அமைந்தது என்று அதுதான் இடத்தைக் காட்டுகிறது. மன்னனின் புகழ் அறிஞர்களின் மொழியில் இருக்கிறது. ஊரின் அடையாளம் ஊர் மக்களின் மொழியில் இருக்கிறது. ஒரு பாறை இரண்டையும் தாங்கி நிற்கிறது, பார்த்தீர்களா?

ஆங்கிலேயர் ஆட்சியில், 1835க்குப் பிறகு, உயர்கல்வியில் ஆங்கிலம் கோலோச்சத் தொடங்கியது. அலுவலகம், நீதிமன்றம், கல்லூரி என எங்கும் அது பரவியதால் இன்று அது படித்தவர்களின் மொழியாகத் தெரிகிறது.

பொள்ளாச்சி அருகே கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை, பள்ளிப் பாடங்களைத் தமிழில்தான் படித்தார். பின்னர் ஆங்கிலமும் கற்றார். 2008இல் நிலவுக்குச் சென்ற சந்திரயான்-1 திட்டத்தின் இயக்குநர் அவரே!

ஆகவே, ஆங்கிலத்தைப் பயப்படாமல் படியுங்கள். தவறாகப் பேசும் நண்பனைப் பார்த்துச் சிரிக்காமல் திருத்தி உதவுங்கள். தமிழில் பேசக் கூச்சப்படவே வேண்டாம்.

ஒரு சின்னப் பயிற்சி சொல்லட்டுமா? இன்று ஆங்கிலத்தில் படித்த ஒரு பாடத்தை வீட்டில் உங்கள் பாட்டிக்குத் தமிழில் விளக்குங்கள். பாட்டிக்குப் புரிந்தால், உங்களுக்கும் அந்தப் பாடம் புரிந்துவிட்டது என்று அர்த்தம்!