நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் முறையீடும் குறைதீர்ப்பும்

தேயிலைத்தூளின் தரம் குறைந்தால் நுகர்வோர் வேறொரு நிறுவனத்தின் தூளுக்கு மாறிவிடலாம். தோட்டத் தொழிலாளர்க்கு அவ்வாய்ப்பு அரிது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீட்டுவசதியை நிறுவனத்தின் கடமையாக்கியதால், வேலையும் குடியிருப்பும் ஒரே கையில் அமைந்தன. குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் (டான்டீ), 1964ஆம் ஆண்டுச் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோரின் மறுவாழ்வுக்கென உருவானது. வேறு பிடிமானமற்ற அவர்களிடம் இச்சார்பு மேலும் ஆழமானது எனலாம்.

இச்சூழலில் குறை கூறுவதே துணிவுக்குரிய செயலாகிறது. தொழில் தகராறுகள் சட்டத்தில் 2010ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 9சி பிரிவு, 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் பணிபுரியும் நிறுவனங்களில் குறைதீர்ப்புக் குழுவைக் கட்டாயமாக்கியது. இருதரப்புக்கும் சம எண்ணிக்கையில் உறுப்பினர், ஆண்டுதோறும் மாறும் தலைமை, எழுத்துமூல விண்ணப்பத்தின் மீது 30 நாள்களுக்குள் விசாரணை ஆகியன அதன் கூறுகள். எனினும், குழுவின் முடிவை ஏற்காதவர் நிறுவனத்திடமே மேல்முறையீடு செய்யவேண்டியிருந்தது. 2020ஆம் ஆண்டுத் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் இதனை மாற்றி, தொழிற்சங்கத்தின் வழியே சமரச அலுவலரை அணுக வகைசெய்தது.

இரு சட்டங்களும் குறையை விண்ணப்பமாகவே எதிர்கொள்கின்றன. இலை நிறுக்கும் இடத்தில் மேற்பார்வையாளரிடம் வாய்மொழியாகக் கூறப்படும் ஒழுகும் கூரை பற்றிய குறைக்குக் காலவரம்பு ஏதும் இல்லை. அதனை எழுத்தாக்கித் தருவோர் இருக்கும்போதே குறைதீர்ப்புக் குழு பயன்தரும்.