பருத் தழும்பு: செலவு செய்யும் முன் தெரிந்துகொள்வோம்



நிக்காஹ் பேசி வரும் மகளின் முகத்தில் பருத் தழும்பு. லேசர் செய்ய டிரஸ்டில் கடன் கேட்டு வந்தார் ஒரு தகப்பனார். ஒரே மாதத்தில் எல்லாம் மறைந்துவிடும் என்று ஓர் அழகு நிலையத்தில் சொன்னார்களாம். முதலில் தோல் மருத்துவரிடம் காட்டச் சொன்னோம். புதுப் பரு இன்னும் வந்துகொண்டிருப்பதால் அதை நிறுத்துவதே முதல் வேலை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இதே நிலையில் உள்ள மற்ற வீடுகளுக்காகவே இதை எழுதுகிறேன்.

பரு ஆறிய இடத்தில் கறுப்பு நிறம் மட்டும் இருந்தால் அது தழும்பு அல்ல. வெயில் படாமல் காத்து, சன்ஸ்கிரீன் தடவி வந்தால் சில மாதங்களில் பெரும்பாலும் மங்கிவிடும். தோல் பள்ளமாகியோ புடைத்தோ இருந்தால்தான் தழும்பு. பள்ளத்தைக் களிம்பால் மட்டும் நிரப்ப முடியாது.

பள்ளத்தின் வகையைப் பொறுத்தே சிகிச்சை. ஊசி குத்தியது போன்ற குறுகிய, ஆழமான குழிக்குள் மட்டும் அமிலம் வைப்பார்கள். அலை அலையான பள்ளத்துக்கு, தோலை அடியில் இழுத்துப் பிடித்திருக்கும் நார்களை ஊசியால் அறுத்துவிடுவார்கள். இதன் பெயர் சப்சிஷன். பரவலான தழும்புக்கு மைக்ரோ நீட்லிங் அல்லது லேசர். புடைத்த தழும்புக்கு ஊசி மருந்து. பெரும்பாலும் பல வாரம் இடைவெளி விட்டுப் பலமுறை செய்ய வேண்டும். தழும்பு நன்றாகக் குறையும். முழுதாக மறையும் என்று யாரும் உறுதி தர முடியாது. நம் மாநிறத் தோலில் லேசரும் அமிலமும் தவறினால் புதுக் கறுப்பு படியும். ஆகவே அனுபவமுள்ள தோல் மருத்துவரே செய்ய வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, மெடிக்கலில் கேட்டு வாங்கும் சிவப்பழகுக் களிம்பு. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று டியூபில் இருந்தால் அது ஸ்டீராய்டு. முதலில் முகம் வெளுக்கும்; பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பரு அதிகமாகும். 2018-லேயே மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கத் தடை செய்தது. பல மாதம் பூசியவர்கள் திடீரென நிறுத்தாமல் மருத்துவரிடம் கேட்டு நிறுத்துங்கள். இரண்டு, கடும் பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை. கருவிலுள்ள குழந்தைக்குப் பெரும் ஊனம் உண்டாக்கும். சாப்பிடும் காலத்திலும், நிறுத்திய பின் ஒரு மாதமும் கர்ப்பம் தரிக்கக் கூடாது. நிக்காஹ் நெருங்கும் பெண்கள் இதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இது அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதாகாதா என்று சிலர் கேட்கிறார்கள். நோயால் வந்த குறையைச் சரிசெய்வது மருத்துவமே என்பது மார்க்க அறிஞர்கள் பலர் தரும் விளக்கம். ஐயமிருந்தால் இமாமிடம் கேட்டுத் தெளியலாம்.

கடன் வாங்கும் முன் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டுங்கள். கோவையில் உண்டு, திருப்பூரிலும் 2022 முதல் மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. தனியாரிடம் போனால் எத்தனை முறை செய்ய வேண்டும், மொத்தச் செலவு எவ்வளவு, எந்த அளவு குறையும் என்று கேட்ட பிறகே பணம் கட்டுங்கள்.

மாப்பிள்ளை வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. பெண் பார்க்கப் போகும் இடத்தில் முகத்துத் தழும்பைப் பேச்சாக்காதீர்கள். நம் வீட்டிலும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள்.