கோட்பாட்டு இயற்பியல்: பல்கலைக்கழகத்திற்கு அப்பாலும் வழியுண்டு

கோட்பாட்டு இயற்பியலில் முனைவர் பட்டம் பெறும்போது பலருக்கும் வயது முப்பதை நெருங்கிவிடுகிறது. அதன்பின் ஊர் ஊராக மாறும் தற்காலிக ஆய்வுப் பணிகள்; நிரந்தரப் பேராசிரியர் பணியிடங்களோ மிகச் சில. இத்தனை படித்தும் பயனில்லையோ என்ற கவலை வீட்டில் எழுவது இயல்பே. அக்கவலைக்குக் காரணம் உண்டா என நாம் சற்று ஆராய்வோம்.

எமானுவல் டெர்மன் 1973-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் துகள் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். பல இடங்களில் தற்காலிகப் பணியாற்றிய பின், 1980-இல் பெல் ஆய்வகத்திலும், 1985-இல் கோல்ட்மன் சாக்ஸ் நிதி நிறுவனத்திலும் சேர்ந்தார். ஃபிஷர் பிளாக், பில் டாய் ஆகியோருடன் அவர் உருவாக்கிய வட்டி விகித மாதிரி 1990-இல் வெளிவந்து, நிதித்துறையில் பெரும் புழக்கம் பெற்றது.

இயற்பியலுக்கும் பணத்துக்கும் என்ன உறவு என்று வாசகர்கள் வினவலாம். உறவு பழையது. 1900-இல் பாரிஸ் நகரில் லூயி பாஷிலியே, சந்தை விலைகளின் ஏற்ற இறக்கத்தை நிகழ்தகவுக் கணிதத்தால் விளக்கினார். 1905-இல் நீரில் மிதக்கும் நுண்துகள்களின் அலைவை ஐன்ஸ்டைன் விளக்கிய கணிதமும் அதனை ஒத்ததே. 1973-இல் வெளியான பிளாக்–ஷோல்ஸ் சமன்பாட்டை, வெப்பம் பரவும் சமன்பாடாகவே மாற்றி எழுதிவிடலாம். அணு ஆய்வுக்கென 1940-களில் பிறந்த மான்டி கார்லோ கணிப்பு முறை, இன்று வங்கிகளின் இடர் மேலாண்மையில் பயன்படுகிறது.

நிதித்துறை ஒன்றே வழியன்று. வானிலை முன்கணிப்பு என்பது காற்றின் இயக்கச் சமன்பாடுகளை மீத்திறன் கணினியில் தீர்ப்பதே. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளி இயற்பியல் முதுகலைப் பட்டதாரிகளைத் தேர்வு செய்கிறது. காப்புரிமை அலுவலகத் தேர்வாளர் பணிக்கும் அவர்கள் விண்ணப்பிக்கலாம். ஐன்ஸ்டைன் தொடங்கியதும் அத்தகைய பணியில்தான். செயற்கை நுண்ணறிவுக்கு அடித்தளமிட்ட பணிக்காக 2024-இன் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜான் ஹாப்ஃபீல்டு ஒரு கோட்பாட்டு இயற்பியலாளரே.

எனினும் ஓர் எச்சரிக்கை தேவை. துகள்கள் விதிக்குக் கட்டுப்படும். மனிதர் நடத்தும் சந்தை அவ்வாறன்று. 2008-இன் நிதி நெருக்கடிக்குப் பின், 2009 சனவரியில் டெர்மனும் பால் வில்மாட்டும் நிதி மாதிரி அமைப்போருக்கென ஓர் அறிக்கை வெளியிட்டு, மாதிரியை உலகமாகவே கருதிவிட வேண்டாம் என வலியுறுத்தினர். பிறர் சேமிப்பைக் கையாளும் கணக்கில் அந்த அடக்கம் இன்றியமையாதது.

ஆய்வு மாணவர்கள் நிரல் எழுதுதலையும் புள்ளியியலையும் முதலாண்டிலிருந்தே பழகுவது நலம். கோடை விடுமுறையில் ஒரு நிறுவனத்தில் பயிற்சி பெற்றால், அந்தப் பணி தமக்கு ஒத்துவருமா என்பதும் தெரியும். 2023 முதல் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் ரூ.37,000, வைப்பு நிதிப் பிடித்தம் அதில் இல்லை. ஆகவே அதிலிருந்து சிறு தொகையேனும் தொடர் வைப்பில் சேர்த்துவந்தால், பணி மாறும் இடைக்காலத்தில் கைகொடுக்கும்.

பெற்றோருக்கும் ஒரு சொல்: துறை மாறுவதைத் தோல்வியெனக் கொள்ளற்க. தெரியாததை அளந்து, அளவின் எல்லையையும் அறியும் பயிற்சியே இப்படிப்பின் முதல். எங்குச் சென்றாலும் அது உடன் வரும்.