தலைமுறை கடந்த பாட்டு

தாம் பிறவாத காலத்துப் பாட்டை வாலிபர் ஏக்கத்துடன் நாடுவானேன்? சுவீடன் தேசத்து 'அபா' குழுவினரை நோக்குவோம். ஆடவர் இருவரும் மாதர் இருவருமாகிய இந்நால்வர், 1974-இல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நிகழ்ந்த யூரோவிஷன் போட்டியில் வென்று புகழெய்தினர். 1976-இல் வெளிவந்த 'டான்சிங் குவீன்' பல தேசத்தாரையும் ஆடச் செய்தது. 1982-இல் குழு ஓய்ந்தது, பாட்டோ ஓயவில்லை. 1999-இல் லண்டனில் அரங்கேறிய 'மம்மா மியா' நாடகமும், 2008-இல் வந்த அதன் திரைப்படமும் அதனைப் பிள்ளைகளிடம் சேர்த்தன.

ஒரே குரலைப் பன்முறை பதிந்து அடுக்கியமையால் ஓசை செறிந்தது. துள்ளும் தாளத்தின் அடியில் துயரமும் மறைந்து கிடக்கின்றது. இவற்றினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. இல்லத்தில் தாய் ஆடிய பாட்டு, மகள் காணாத தாயின் இளமையை அவளுக்குக் காட்டுகின்றது. தாய் மறைந்த பின்னரும் அப்பாட்டு எழுமிடத்து அவள் ஆடுவதாகவே தோன்றும். இளையோர் ஏக்கத்தின் மருமம் இதுவென்று கொள்வோமாக.