தோட்டத்துப் பெண்டிரும் கருத்தடைப் பொருளுக்கான நிதியும்

மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த காலத்தில், அதற்கான பணத்திற்கு வழி காண்பது அரிதாக இருக்கவில்லை. 1907-ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதி என ஒன்று நிறுவப்பட்டது. தோட்டத்தில் எத்தனை தொழிலாளர் எத்தனை நாள் உழைத்தனர் என்று கணக்கிட்டு, அதற்கேற்ப முதலாளிகளிடம் வரி தண்டினர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்களின் பயணச் செலவை அந்நிதியே ஏற்றது. சிரம்பானிலிருந்து போர்ட் டிக்சன் செல்லும் வழியில் ரந்தாவ், சிலியாவ் முதலிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்கள் இவ்வாறு வந்தவர்களின் உழைப்பால் வளர்ந்தவை. 1958-இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்று பெயர் மாறிய அது, 1999-இல் கலைக்கப்பட்டது.

ஆள் வருவதற்கு நிதி இருந்தது. வந்த பெண், எத்தனை பிள்ளை பெறுவது, எவ்வளவு இடைவெளி விடுவது என்று தானே முடிவு செய்ய உதவும் பொருள்களுக்கு அவ்வாறு ஒரு நிதி எழவில்லை. கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு விடியற்காலையில் பால் மரம் வெட்டப் போன தாய்க்கு அடுத்தடுத்த பேறு எத்தகைய சுமை என்பதை விளக்க வேண்டுவதில்லை. 1953-இல் சிலாங்கூரில் முதல் குடும்பத் திட்டச் சங்கம் தோன்றியது. 1958-இல் மாநிலச் சங்கங்கள் கூட்டமைப்பாயின. இவை தன்னார்வ அமைப்புகள். நன்கொடை வரும்வரைதான் அலமாரியில் பொருள் இருக்கும். 1966-இல் சட்டம் இயற்றித் தேசியக் குடும்பத் திட்ட வாரியம் அமைத்த பின்னரே இச்செலவு அரசாங்கக் கணக்கில் ஏறியது.

பிற நாட்டுத் தமிழ்த் தோட்டங்கள் வேறு வழிகளைக் கண்டன. இலங்கையில் 1958-இல் சுவீடன் அரசின் உதவியுடன் தொடங்கிய குடும்பத் திட்ட முயற்சிக்குத் தேர்ந்த இடங்களுள் டயகம தேயிலைத் தோட்டமும் ஒன்று. நீலகிரியில் 1971-இல் மூன்று தோட்டங்களில் நடந்த சோதனை இன்னும் புதுமையானது. பிறப்புக் குறைந்தால் பேறுகால உதவியும் மருத்துவச் செலவும் முதலாளிக்கு மிச்சமாகும் அல்லவா? அம்மிச்சத்தைக் கருதி, பெண் தொழிலாளியின் பெயரில் மாதம் 5 ரூபாய் சேமிப்பில் இட்டனர். பிள்ளைகள் மிகுந்தால் அத்தொகையில் பிடித்தம் செய்தனர். கணக்கு நுட்பமானதே. ஆயினும், ஒருத்தி பெறாத பிள்ளைக்கு முதலாளி விலை வைப்பது முறைதானா என்ற வினா எழாமல் இராது.

அயல்நாட்டு உதவியோ நிலையற்றது. 2021-இல் பிரிட்டன், ஐக்கிய நாடுகள் மக்கள்தொகை நிதியத்தின் கருத்தடைப் பொருள் திட்டத்திற்குத் தருவதாயிருந்த 15 கோடியே 40 லட்சம் பவுனை 2 கோடியே 30 லட்சமாகக் குறைத்தது. 2025-இல் அமெரிக்கா தன் உதவி நிறுவனத்தையே கலைத்தது. ஏழை நாடுகளுக்கென அது வாங்கிய சுமார் 97 லட்சம் டாலர் பெறுமான கருத்தடைப் பொருள்கள் பெல்ஜியத்துக் கிடங்கில் தேங்கின.

மலேசியா இவ்வுதவியை நம்பி வாழும் நாடன்று. ஆனால் தோட்டங்களின் முகம் மாறிவிட்டது. நெகிரி செம்பிலானிலும் ரப்பர் நின்ற இடங்களில் பெரும்பகுதி செம்பனையாயிற்று. தமிழ்க் குடும்பங்கள் பல நகரங்களுக்குப் பெயர்ந்தன. வேலைக்கு அயல்நாட்டார் வந்தனர். இவர்களுள் ஒரு பெண்ணுக்கு மருத்துவச் சோதனையில் கரு இருப்பது தெரிந்தால், அவள் வேலை அனுமதியை இழந்து நாடு திரும்ப நேரிடும். அரசு மருத்துவமனைக் கட்டணமும் அயல்நாட்டார்க்குப் பன்மடங்கு மிகுதி. கருத்தடைப் பொருள் இவளுக்கு உடல்நலத்தோடு பிழைப்பையும் காப்பது.

பணம் இல்லாமலில்லை. தோட்டத்துறையில் அயல்நாட்டுத் தொழிலாளி ஒருவருக்கு ஆண்டுக்கு 640 ரிங்கிட் தீர்வை 2016-இல் விதிக்கப்பட்டது. அது அரசாங்கப் பொது வருவாயில் சேர்வது. ஆள் எண்ணி முதலாளியிடம் தண்டும் பணம் என்ற அளவில் 1907-ஆம் ஆண்டு நிதிக்கு இது நெருங்கிய உறவு. அதில் ஒரு சிறு பங்கை இப்பொருள்களுக்கென ஒதுக்கலாம். நீலகிரிச் சோதனையை நினைத்தால், பங்கீடு தோட்ட அலுவலகத்தின் கையில் இருத்தல் ஆகாது. 1966-இல் பிறந்து இன்று மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியமாக விளங்கும் அமைப்பே அதனை ஏற்கலாம். வேண்டும் என்பவள் பெற, வேண்டாம் என்பவள் மறுக்க, கிராணியின் ஏட்டில் அவள் பெயர் ஏற வேண்டியதில்லை.